கட்டி என்று சொல்லி வைத்தது

தோளுக்கு மேலே கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, தலைவாருவதும் அதில் அடக்கம் என்று அவளுக்கு உறைக்கவில்லை. சலூனில் ஊரார் தலையையெல்லாம் வாரிவிடுகிறவள், இப்போது மாமியாரின் சீப்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் சிக்கை நுனியிலிருந்து எடுக்காமல் உச்சியிலிருந்து இழுத்தாள். சொன்னால் கேட்கிற ஆளில்லை.

மற்றதையெல்லாம் அந்த பிளாஸ்டிக் சர்ஜன் விவரமாகவே சொல்லியிருந்தார். அவளை நிற்கவைத்துப் பேனாவால் கோடு போட்டு, மார்புக் காம்பைச் சுற்றி ஒரு தையல், அங்கிருந்து நேர்கீழே ஒன்று, அடிமடிப்பில் ஒன்று என்று காட்டினார். கொஞ்ச நாள் மல்லாந்துதான் படுக்க வேண்டும். இறுக்கமான உள்ளாடையை இரவிலும் கழற்றக் கூடாது. வீக்கம் வடிந்து வடிவம் படிய மாதக்கணக்காகும். தழும்பு மங்கும், ஆனால் முழுக்கப் போகாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு பிள்ளை பெற்றுச் சரிந்த மார்பைச் சலூன் கண்ணாடியில் நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

கெடுத்தது கணவன்தான். "அம்மாகிட்ட கட்டின்னு சொல்லிடு. அதுக்கு மேல யாரும் நோண்ட மாட்டாங்க." அவளும் சரியென்று தொலைத்தாள். அன்றிலிருந்து வீடு இழவு வீடாகிவிட்டது. நாத்தனார் போனில் அழுதாள். மாமியார் வாய்க்கு வாய் 'பாவம்' என்றாள். கட்டுப் பிரித்த அன்று குளியலறைக் கண்ணாடியில் பார்த்தாள். வீங்கிக் கன்றிப்போய்க் கோணல்மாணலாகத்தான் இருந்தது. இருந்தும் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தச் சிரிப்பையும் உள்ளேயே விட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஆசைப்பட்டுச் செய்துகொண்டதற்கு ஆறுதல் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இன்றோடு இந்த வேஷம் போதும் என்று முடிவுசெய்தாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சீப்பு நின்றது.

"நானும்தான் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் மாமியார். "எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. ரொம்ப நாளா. பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. நீ போய் எடுத்துட்டு நல்லபடியா வந்துட்டியா, அதான் தைரியம் வந்துச்சு. உன் டாக்டர்கிட்டயே என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

முன்னால் வந்து உட்கார்ந்து, மருமகளின் கையைப் பிடித்துத் தன் அக்குளை ஒட்டி வைத்தாள். துணிக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒன்று, அழுத்தினால் நகராமல், கெட்டியாக இருந்தது.

"இதுதானே? உனக்கும் இப்படித்தானே இருந்துச்சு?"

கையை எடுக்கவும் முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். பாதி வாரிய தலையில் சீப்பு சிக்கிக்கொண்டு தொங்கியது.