சாமித் தண்ணி

வேப்பிலைக் கொத்தை விலக்கிக் கும்பத்துக்குள் கரண்டியை விட்டபோதுதான் பூங்காவனத்துக்கு அந்த வாடை அடித்தது. விளக்கிலிருந்து வருகிறது என்று முதலில் நினைத்தாள். விளக்கைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். வாடை போகவில்லை. செம்பின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். மண்ணெண்ணெய். சந்தேகமே வேண்டாம், கடையில் வாங்கிய அசல் மண்ணெண்ணெய். தண்ணீரின் மேல் நீலமும் மஞ்சளுமாக ஒரு படலம் மினுக்கிக்கொண்டு கிடந்தது.

அது சாதாரணத் தண்ணீரா? ட்ரியோலே மாரியம்மன் கோயில் கிணற்றில் விடியுமுன்னே குளித்து ஈரத்துணியோடு மொண்டு வந்தது. மகன் சுப்ரமணியனுக்காக நேர்ந்துகொண்ட கும்பம். நோன்பு முடியும்வரை அசைக்கக் கூடாது, மாற்றக் கூடாது. காலையில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துப் பிள்ளையின் வாயில் விடலாம். ஞாயிற்றுக்கிழமை தலையில் சுமந்துபோய் அம்மன் காலடியில் ஊற்ற வேண்டும். பையனுக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், சூரியன் உச்சிக்கு வந்ததும் வாசலில் வந்து நிற்கும் கடன்காரன் மாதிரி வந்துவிடும். முதலில் குளிர், பிறகு அனல், பிறகு பாயெல்லாம் நனைகிற வியர்வை. நான்கு வயதுப் பிள்ளையின் வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாகிவிட்டன. பக்கத்து வீட்டு அலமேலுவின் பிள்ளை போன மழைக்காலத்தில் இதே காய்ச்சலில்தான் போனது. இன்றைக்குக் காய்ச்சல் வருகிற நாள்.

"அடியே தெய்வானை!"

பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த பெண் பாதிப் பின்னலோடு ஓடிவந்தாள். எட்டு வயது.

"இதுல எண்ணெய் ஊத்துனது யாரு?"

"நான்தாம்மா," என்றாள் தெய்வானை. பயமே இல்லை. பாராட்டை எதிர்பார்த்து நிற்கிற முகம். "எல்லாத்துலயும் ஊத்திட்டேன். பீப்பா, மாட்டுத்தொட்டி, கொல்லையில கெடந்த ஒடஞ்ச பானை. நின்ன தண்ணியிலதான் மூஸ்திக், அதாம்மா கொசு, முட்டை போடுமாம். அது கடிச்சாத்தான் காய்ச்சலாம். பள்ளிக்கூடத்து மாம்செல் சொன்னாங்க."

"குடிக்கிற தண்ணியில ஊத்தச் சொன்னாளா உங்க மாம்செல்?"

"இல்லம்மா. குடிக்கிறத மூடி வைக்கணும். ஆனா இது குடிக்கிற தண்ணி இல்லியே, சாமித் தண்ணிதானே?" கொஞ்சம் யோசித்துவிட்டு மேலும் சொன்னாள்: "உள்ள குட்டிக் குட்டியா புழு நெளிஞ்சிச்சும்மா. நான் பாத்தேன்."

பூங்காவனத்தின் கை அவளைக் கேட்காமலே எழுந்து பெண்ணின் கன்னத்தில் இறங்கியது. தெய்வானை அழவில்லை. அதுதான் தாங்கவில்லை. தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று பார்க்கிற மாதிரி அம்மாவையும் கும்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடித்த கை எரிந்தது. பெண்பிள்ளைக்கு எதற்கடி லெக்கோல் என்று புருஷன் முனிசாமி கத்தினபோது, சோறு பொங்காமல் படுத்துக்கிடந்து இவளைப் பள்ளிக்கூடம் சேர்த்தவள் பூங்காவனம்தான். ஒருமுறை தர்மாஸ்பத்திரியில் இரண்டு குப்பி மருந்து கொடுத்தார்கள். ஒன்று குடிக்க, ஒன்று தடவ. வீட்டுக்கு வருவதற்குள் எது எதுவென்று மறந்துபோய், விஷமாகிவிடுமோ என்று பயந்து இரண்டையும் கரும்புக்குள் வீசிவிட்டாள். என் வீட்டில் ஒரு ஜோடிக் கண்ணாவது திறக்கட்டும் என்று அன்றைக்கு வைராக்கியம் பிடித்தாள். திறந்த கண் இப்போது சாமியின் செம்புக்குள் எட்டிப் பார்க்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

இந்தத் தவணை ஆரம்பித்ததிலிருந்தே அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் பூமி உருண்டை என்றாள் பெண். சரி, இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன. இன்னொருநாள் வெள்ளைக்காரப் பாட்டு ஒன்று பாடினாள். என்னடி அர்த்தம் என்றால் தெரியாது என்றாள். ஒரு டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தானாம். வயிற்றுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? இப்போது கொசு. கொசுவைப் பற்றிப் பாடம் எடுக்கச் சம்பளம் கொடுக்கிற கவர்மெண்டை என்னவென்று சொல்வது?

முனிசாமி இருட்டோடே களையெடுக்கப் போய்விட்டான். பொழுது சாய்ந்து வந்தால் கும்பத்தின் முன்னே நின்று கும்பிடுவான், அவனுக்கும் மூக்கு இருக்கிறது. தெரிந்தால் நாளை முதல் தெய்வானை கையில் சிலேட்டு இல்லை, புல்லறுக்கிற அரிவாள்தான். சொல்லாமல் மறைத்தால், அம்மனுக்கு யார் பதில் சொல்வது? தவித்துப்போனாள். பையனை அலமேலுவிடம் விட்டுவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பள்ளிக்கூடம் மாதா கோயிலை ஒட்டி இருந்தது. கரும்பலகையில் காக்கை அளவுக்கு ஒரு கொசு வரைந்திருந்தது. மாம்செல் லிலியான் கியூர்பிப்பிலிருந்து வந்தவள், இருபது வயதுகூட இருக்காது. குளிரூரில் வளர்ந்த உடம்புக்குத் தீவின் இந்த வடக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வேர்க்குரு. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர். பூங்காவனம் வாய் திறப்பதற்குள் அந்தக் குப்பி அவள் கண்ணில் பட்டுவிட்டது. நூல் துண்டுகள் போலப் புழுக்கள், தலைகீழாகத் தொங்குவதும் வாலை உதறிக்கொண்டு கீழே போவதுமாக இருந்தன. இதையா என் பிள்ளை வாயில் விட்டேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ, அம்மன் தண்ணீரில் அது எப்படி வரும் என்று இன்னொரு நினைப்பு அதை விரட்டியது. இரண்டும் ஓயாமல் ஒன்றையொன்று துரத்தின.

தனக்குத் தெரிந்த ஓட்டைக் கிரியோலில் நடந்ததைச் சொன்னாள். தடுமாறிய இடத்தில் தெய்வானை எடுத்துக்கொடுத்தாள், தான் அறை வாங்கியதையும் சேர்த்து. மாம்செல் வாயில் கைவைத்தாள்.

"ஐயோ, நான் பீப்பாயச் சொன்னேன், சாக்கடையச் சொன்னேன். சாமிக்கு வச்சிருக்கிறத நான் சொல்லவே இல்லியே!"

"அதுவும் நின்ன தண்ணிதானே மாம்செல்?"

"நின்ன தண்ணிதான்..."

"அப்ப எம்பொண்ணு செஞ்சது சரியா, தப்பா? ஒண்ணு சொல்லுங்க. சரின்னா அவள அடிச்சது என் தப்பு. தப்புன்னா நீங்க சொல்லிக்குடுத்தது தப்பு."

பூங்காவனம் ஜன்னல் வழியே மாதா கோயிலைக் காட்டினாள். "உங்க கோயில் வாசல்ல ஒரு கல்லுத்தொட்டி இருக்கு. எல்லாரும் வெரல நனச்சு நெத்தியில வச்சுக்கிறீங்க. அதுல எண்ணெய் ஊத்துனீங்களா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. ஊற்றினோம் என்று அவள் சொல்லியிருந்தால் பூங்காவனத்துக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். லிலியான் கோயிலைப் பார்த்தாள். கழுத்துச் சிலுவையை விரலால் உருட்டினாள். பாவம், அவளுக்கும் இதுவரை தோன்றாத கேள்வி போலிருக்கிறது.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள் கடைசியில். "பொஸ்தகத்துல அது போடல."

பிறகு அலமாரியைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். கொய்னா, காய்ச்சல் மருந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வந்தது. தம்பிக்கு எவ்வளவு, எப்போது என்று தெய்வானையிடம் திரும்பத் திரும்பச் சொல்லி ஒப்பிக்கவைத்தாள். கசக்கும், துப்பிவிடுவான், எப்படியாவது உள்ளே போகவேண்டும் என்றாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்த பெண்ணை இன்றைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. அலமேலு இவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றாள்; முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பையன் கோணிக்குள் சுருண்டு உதறிக்கொண்டிருந்தான். பூங்காவனம் உள்ளே போய்க் கும்பத்தின் எதிரில் நின்றாள். தாயே, உன் தண்ணீரை நான் கெடுத்தேனா, இல்லை நீயே கொட்டச் சொல்கிறாயா? வேப்பிலை வாடியிருந்தது.

"அம்மா..." பையனின் பல் கிட்டியது. "தண்ணி குடும்மா. சாமித் தண்ணி. இன்னிக்கு நீ குடுக்கவே இல்ல."

அவள் மூடியிருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் திறந்து கரண்டியில் தண்ணீர் எடுத்தாள். எடுத்தவள் அதைக் கதவுப்பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் யாரும் தண்ணீரைப் பார்த்துக் குடித்ததில்லை. பிறகு பொட்டலத்தைப் பிரித்து, தெய்வானை போதும் என்கிற வரை அதில் கொட்டி, ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். காய்ச்சல் இறங்கினால் யாருக்குத் தேங்காய் உடைப்பது? இறங்காவிட்டால் யாரை ஏசுவது? ஞாயிற்றுக்கிழமை எந்தத் தண்ணீரைத் தலையில் தூக்குவது? ஒன்றும் விளங்கவில்லை. அழுகைதான் வந்தது.

கரண்டி உதட்டில் பட்டதும் பையன் முகத்தைச் சுளித்தான்.

"கசக்குது. இது சாமித் தண்ணியா?"

பூங்காவனம் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து தெய்வானை வந்து தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டாள். கன்னத்தின் சிவப்பு இன்னும் ஆறவில்லை.

"சாமித் தண்ணிதாண்டா," என்றாள். "நான் பாத்தேன். கோயில்லேருந்து அம்மாதான் கொண்டாந்தாங்க. குடி."

அவன் அக்காவை நம்பி வாயைத் திறந்தான். பித்தளைக் கரண்டியில் அவன் பற்கள் கடகடவென்று தட்டிக்கொண்டே இருந்தன.