எந்த நாள் லூயிஸ்?

அப்பாவைக் கொஞ்சம் நிமிர்த்தி முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையை அவள் செருகிக்கொண்டிருந்தபோதுதான் மாமா அதைச் சொன்னார்.

"ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன் மச்சான். நீங்க சொல்றதுதான் சரி. லூயிஸ்தான் பெரிய ஆள். டைசன் அவன் முன்னாடி நின்னிருக்க மாட்டான்."

தலையணையைப் பிடித்திருந்த அவள் கை நின்றது. அப்பா கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தார். ஆக்ஸிஜன் இயந்திரம் மூலையில் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளி டயர்க்கடை வைத்திருக்கிறார். தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கப் போகும் வழியில் இங்கே ஏறி, அப்பாவுடன் அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டுப் போவார். எல்லாம் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களைப் பற்றிய சண்டை. இருவரும் வாழ்நாளில் ஒரு கையுறையை மாட்டியதில்லை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மாமா ஒருமுறை கடை வாசலில் ஒருவனை அடிக்கக் கை ஓங்கி, அவன் குனிந்துவிட, ஷட்டரைக் குத்தி விரலை முறித்துக்கொண்டவர்.

அப்பாவுக்கு ஜோ லூயிஸ். கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் பட்டத்தை வைத்திருந்தவர், இருபத்தைந்து முறை காப்பாற்றியவர். மாமாவுக்கு மைக் டைசன். இருவருக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி. அதனாலென்ன, அப்பாவின் கட்டிலருகே அவர்கள் ஆயிரம் முறை மோதியிருக்கிறார்கள். மாமா எடைக்கணக்கு சொல்வார். லூயிஸ் தொண்ணூறு கிலோ, டைசன் நூறு கிலோ, எல்லா விளையாட்டிலும் மனிதன் முன்னேறிவிட்டான், இதில் மட்டும் இல்லையா என்பார். தச்சன் முன்னேறிவிட்டானா, இப்போது ஆணி அடிக்கிறான், பழைய ஆள் ஆணியே இல்லாமல் நாற்காலி செய்தான் என்பார் அப்பா. பழைய பதினைந்து ரவுண்டா இப்போதைய பன்னிரண்டா, எந்தக் காலத்துக் கையுறை, எந்தக் காலத்து நடுவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கு. இருவரும் பிடித்த முயலுக்கும் மூன்றே கால். விட்டுக்கொடுத்த சரித்திரம் இரண்டு பக்கமும் கிடையாது.

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டார். இந்த மாதத்தில் அவரால் ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்தான் பேச முடிந்தது.

"எந்த... ரவுண்டு?"

மாமாவுக்குப் புரியவில்லை. "என்ன மச்சான்?"

"எந்த ரவுண்டுல... விழறான்?"

மாமா அவளைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த கடைச்சாவியைப் பார்த்தார். "நீங்க சொல்றதுதான். நீங்களே சொல்லுங்க."

அப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தானாக ஒரு பக்கம் திரும்ப அவரால் முடியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாமா வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பத்தரை மணிக்கு மாத்திரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனாள். அப்பா உதட்டைத் திறக்கவில்லை. தண்ணீருக்கும் திறக்கவில்லை. அம்மா வந்து கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள்.

"அவன் இப்பத்தான் வாழ்க்கையிலேயே மொத முறையா நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கான். அதுக்கும் கோவமா?"

அம்மாவுக்கு இந்தச் சண்டை எப்போதும் ஆகாது. கல்யாணமான நாலாவது வருடம், தன் தம்பியைப் பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். முதல் ஆறு மாதம் அவனும் தன் கணவரும் ஒரு சொல் பேசாமல் ஒரே மேசையில் சாப்பிட்டதைப் பார்த்துக் கலங்கியவளும் அவள்தான். பிறகு ஒருநாள் டிவியில் டைசன் தொண்ணூற்றொரு விநாடியில் ஒருவரைச் சாய்த்ததைக் காட்டினார்கள். தம்பி நாற்காலியிலிருந்து குதித்தான். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "லூயிஸா இருந்தா இவனை அறுபதுல முடிச்சிருப்பான்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது. பேசாமலேயே இருந்திருக்கலாம் என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அம்மா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனதும், அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்க மாமா... முடிவு பண்ணிட்டான்."

"என்னப்பா முடிவு?"

அவர் அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. மூன்று நாள் முன்பு மருத்துவர் வந்துபோனபோது வராந்தாவில் அம்மாவையும் அவளையும் மாமாவையும் நிறுத்தி, இனி நாள்கணக்குதான் என்று சொன்னதை, இந்த வீட்டில் யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அம்மா சகஜமாக இருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் வேலைக்கு இரண்டு வாரம் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்த அவளும், சும்மா ஓய்வுக்கு வந்ததுபோல இருந்தாள். எல்லோரும் பூசி மெழுகி வைத்திருந்ததை இன்று காலை மாமா, சண்டையை விட்டுக்கொடுத்தே சொல்லிவிட்டார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் மாமா தரையில் குந்தி, ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி அமுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வேன் ஒரு பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டு மூன்று சக்கரத்தோடு நின்றது. டிரைவர் எங்கோ போயிருந்தான்.

"ஓட்டை எங்கன்னே தெரியல" என்றார் மாமா, நிமிராமல்.

அவருடைய இடது கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே குமிழிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவள் குனிந்து அந்த இடத்தில் விரலை வைத்தாள். மாமா பார்த்தார். தோளை உயர்த்திச் சட்டைக்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

அப்பா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார் என்று அவள் சொன்னாள். மாமா டியூபைத் துடைத்தார்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"சந்தோஷப்படுவார்னு நெனச்சேன்."

"படல."

"தெரியுது." அவர் உரசும் தாளை எடுத்து, ஓட்டையைச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினார். தேவைக்கு மேலேயே தேய்த்தார். "ஆளைப் பாக்க முடியல பாப்பா. எதுத்துப் பேச வாய் வரல. எலும்பா கெடக்கற மனுஷன்கிட்டப் போய் டைசன் கிய்சன்னு..."

பிறகு, அவள் கேட்காமலே, வேறொன்றைச் சொன்னார். தன் மனைவி, அவளுடைய அத்தை, செத்தபோது அவளுக்குப் பத்து வயது இருக்கும், நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவளுக்கு லேசாக நினைவிருந்தது. கல்யாணமாகி இரண்டே வருடம். மாமா அப்போது கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை எதுவும் செய்யாமல், டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாராம். வந்தவர்கள் எல்லாரும் தோளைத் தட்டி ஆறுதல் சொல்வார்களாம். யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்திருக்கிறது.

"உங்கப்பா மட்டும் ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லல. ஷிஃப்ட் முடிஞ்சு தெனமும் சாயங்காலம் நேரா இங்க வந்து, அந்த ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவார். உன் டைசனை டக்ளஸ் அடிச்சான் பாரு பத்தாவது ரவுண்டுல, வாயிலருந்து விழுந்த பல்லுறையைத் தரையில தடவிக்கிட்டிருந்தான் பாருன்னு ஆரம்பிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாப்பது நாள் இருக்கும். ஒருநாள் எந்திரிச்சு அடிக்கவே போயிட்டேன்." தேய்ப்பதை நிறுத்தினார். "அன்னைக்குத்தான் மறுபடி சோறு எறங்குச்சு."

மாமா பசை தடவி, ஒட்டு வைத்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். சக்கரத்தை வேனில் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினார். அதுவரை அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. மாமா கைகூடக் கழுவாமல் நேராக அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அந்தப்பக்கம், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் போய் நின்றார். அப்பாவின் முகம் இருந்தது அங்கேதான்.

"காலையில சொன்னது பொய்" என்றார். "உங்க லூயிஸ் பன்னெண்டு வருஷம் யாரை அடிச்சான்? மாசத்துக்கு ஒருத்தனைப் புடிச்சுட்டு வந்து நிறுத்தினாங்க. பேரு தெரியாத ஆளுங்க. அப்படி நின்னா நான்கூடப் பட்டம் வெச்சிருப்பேன்."

அப்பாவின் கண் திறந்தது. மூச்சைச் சேர்க்க நேரமெடுத்தது.

"ஷ்மெலிங்."

அந்த ஒரு பெயர் போதும் அவருக்கு. லூயிஸை ஒருமுறை வீழ்த்திய ஷ்மெலிங்கை லூயிஸ் இரண்டு வருடம் கழித்து முதல் ரவுண்டிலேயே இரண்டு நிமிடம் சொச்சத்தில் முடித்த கதை இந்த வீட்டுப் பல்லிக்கும் தெரியும்.

"ஒருத்தன். சரி. ஒருத்தனை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க?"

அவள் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். அப்பா மாமாவைப் பார்த்தபடியே குடித்தார். மாத்திரையும் இறங்கியது. வாசலில் நின்று பார்த்த அம்மா, சாகப்போகிற மனுஷனிடம் இது என்ன பஞ்சாயத்து என்று முணுமுணுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மாமா மார்சியானோவை இழுத்தார். லூயிஸைக் கயிற்றுக்கு வெளியே போய் விழும்படி அடித்தவன், நாற்பத்தொன்பது சண்டையில் ஒன்றுகூடத் தோற்காதவன், அவனே எண்பத்தைந்து கிலோதான், அவனிடமே தாங்காதவன் டைசனிடம் எப்படித் தாங்குவான் என்று அடுக்கினார்.

அப்பா கையைத் தூக்கினார். ஒரு விரல் மட்டும் நிமிர்ந்தது.

"எந்த நாள்... லூயிஸ்?"

இது அப்பாவின் பழைய சட்டம். ஆளை எடைபோட வேண்டுமானால் அவனுடைய நல்ல நாளில் எடைபோட வேண்டும். மார்சியானோவிடம் விழுந்த லூயிஸுக்கு முப்பத்தேழு வயது, தலையில் வழுக்கை. அது லூயிஸே இல்லை.

"இதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் மாமா. குரல் உயர்ந்தது. "நல்ல நாளை மட்டும் பொறுக்கியெடுத்தா ஊர்ல எல்லாரும் சாம்பியன்தான். விழுந்த நாளும் அவன் நாள்தான் மச்சான். அதையும் சேத்துத்தான் ஆளு."

அப்பாவின் உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டது. சிரிப்பென்று சொல்லலாம். "மாப்ளே" என்றார். பிறகு, "உன்... டைசன்... சொல்லு."

மாமா அங்கிருந்து விலகி ஜன்னலுக்குப் போனார். அவரால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வெளியே பார்த்தபடி, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொடங்கினார். பதினைந்து ரவுண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் காலத்துக் கையுறை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று, இத்தனை வருடம் கொடுக்காத இரண்டையும் கொடுத்தார். ஆனால் டைசன்தான் ஜெயிப்பான். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் ரவுண்டில் லூயிஸ் இடது கையை நீட்டித் தூரத்திலேயே நிறுத்துகிறான். டைசன் குனிந்து குனிந்து உள்ளே வருகிறான். மாமாவின் தலையும் ஜன்னலில் இடமும் வலமுமாகக் குனிந்தது. கரி படிந்த முஷ்டிகள் தாடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. இரண்டாவது ரவுண்டு லூயிஸுக்கு, அதை ஒத்துக்கொள்கிறேன் என்றார். மூன்றாவதும்கூட. நான்காவதில் விலா எலும்பில் ஒன்று விழுகிறது.

அவள் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். ஐந்தாவது ரவுண்டின்போது, இரண்டு மூச்சுக்கு நடுவில் இருந்த இடைவெளி நீண்டது. அவள் எண்ணினாள். பிறகு ஒரு மூச்சு வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை. அவள் மறுபடி எண்ணத் தொடங்கினாள். முப்பது வரை போய் நிறுத்திவிட்டாள். அப்பாவின் கண்கள் பாதி திறந்து ஜன்னல் பக்கம் இருந்தன.

அவள் நிமிர்ந்தபோது வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் பால் டம்ளர். கட்டிலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகள் வாய் திறக்கப் போனாள். அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரு, என்பதுபோல.

மாமா ஆறாவது ரவுண்டை முடித்தார். இருவருமே களைத்துவிட்டார்கள், லூயிஸின் இடது கண் வீங்கிவிட்டது, ஆனாலும் நிற்கிறான் என்றார். "நிக்கறான், அதை நான் இல்லேங்கல. என்ன சொல்றீங்க மச்சான்?"

அறையில் இயந்திரம் மட்டும் இரைந்தது. மாமா திரும்பவில்லை. தாடையோரம் வைத்திருந்த முஷ்டிகள் மெல்லக் கீழே இறங்கி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

அம்மா டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை மடியில் சேர்த்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.

சிறிது நேரம் கழித்து மாமா, வெளியே பார்த்தபடியே, ஏழாவது ரவுண்டைச் சொல்லத் தொடங்கினார்.