முடிவு கரையில்தான்

கதையின் முடிவை மாற்றிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு நாவலில் செத்துப்போன இளவரசியை, மனசு கேட்காமல் பிழைக்கவைத்துச் சொன்னாள் என்று அஜிதாவோடு பேசாமலே இருந்தேன். அவள் என் கல்லூரித் தோழி, மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். எனக்கு மாயாஜால நாவல்கள் வாங்கித் தருபவளும் அவள்தான். அதனால் அந்தக் கோபம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

என் கணவர் ஜெரிஷ் புத்தகத்தைத் தொடமாட்டார். தூத்தூர்க்காரர், சுறாவுக்குத் தூண்டில் போட ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதமாவது ஆகும். போகும்போதெல்லாம் எனக்குப் பிடித்த நாவல்களை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் போகிறார் என்றால், அந்த வருடம் படித்ததிலேயே ஆகச் சிறந்தவை. மேகத்தைக் குத்தகைக்கு எடுத்த ஊர், தன் நிழலைத் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்தவன் என்று சொல்லிக்கொண்டே போய்ப் பாதியில் நிறுத்திவிடுவேன். "முடிவு கரையிலதான்" என்பேன். அவர் வள்ளென்று விழுவார். மீதியைக் கேட்கவாவது மனுஷன் திரும்பி வரவேண்டும் இல்லையா? இதை அவரிடம் சொன்னதில்லை.

கடல் வருகிற கதையை மட்டும் அனுப்பவே மாட்டேன்.

என் நேரம், இந்த வருடம் எனக்கு மிகப் பிடித்தது ஒரு கடல் கதை. மீன்பிடிக்கப் போன ஒருவன், தண்ணீருக்குள் மணி அடிப்பதைக் கேட்டு இறங்கிப் போகிறான். அங்கே ஒரு ஊர். மழை கீழிருந்து மேலே பெய்கிறது. ஜனங்கள் காலையில் அவரவர் கனவைக் கொடியில் காயப்போடுகிறார்கள். காய்ந்த கனவை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கினால் பழைய வீடு மறந்துபோகும். அதைப் படித்த நாட்களில் மீன் கழுவும்போதுகூட எனக்குக் கால் தரையில் படவில்லை. கடைசியில் அவன் திரும்பி வருவதில்லை. அழுதுகொண்டே மூடிவைத்தேன்.

அஜிதாவுக்கு அதைப் பேசி அனுப்பினேன். அவளும் படிக்கவேண்டுமே என்று, அவன் அந்தத் தலையணையில் சாய்வதோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் ஜெரிஷுக்கு மற்ற கதைகளை மொத்தமாக அனுப்பியபோது இதுவும் சேர்ந்து போய்விட்டது. கவனித்தபோது இரண்டு டிக் விழுந்திருந்தது. உடனே அழித்தேன். அதற்குள் படகு சிக்னலைத் தாண்டிவிட்டதால், அவர் போனில் அது அழியாமல் தங்கிவிட்டது.

"ஏட்டி, அது கதைதானே? உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் அஜிதா.

கிறுக்குதான். கண்ணை மூடினால் மணிச்சத்தம் கேட்டது. கொடியில் காய்ந்த அவர் சட்டையை மடிக்கப் பயந்து அப்படியே விட்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் படகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குள் வந்தது. ஓடினேன். கறுத்து, மெலிந்து, தாடியோடு ஜெரிஷ் குதித்தார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பின்னாலேயே இறங்கிய அத்தனை பேரும் வீட்டுக்குப் போகாமல் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"உன் கதைய வயர்லெஸ்ல போட்டுவிட்டோம், எல்லா போட்டுலயும் கேட்டாவ மக்களே," என்றார் படகோட்டி யேசுரத்தினம் மாமா. "அந்தத் தலையாணைக்காரன் என்ன ஆனான்? வந்தானா?"

ஜெரிஷ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோர் கண்ணும் உப்பில் சிவந்திருந்தது. புதுவருடம் கழிந்தால் மறுபடியும் போகவேண்டியவர்கள்.

"வந்துட்டான்," என்றேன்.

"எப்படி? எல்லாத்தையும் மறந்துட்டுல்லா கிடந்தான்?"

"அவன் பொண்டாட்டி ஒரு கதைய பாதியில நிறுத்தியிருந்தா மாமா. வீடு மறந்துபோச்சு, அவ பேரும் மறந்துபோச்சு. அந்தக் கதை மட்டும் மறக்கல. மீதியக் கேக்க வந்துட்டான்."

மாமா தலையை ஆட்டிக்கொண்டே பையைத் தூக்கினார். மற்றவர்களும் கலைந்தார்கள். ஐஸ் போல் குளிர்ந்த கையால் ஜெரிஷ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, அடுத்த தடவையும் பாதியிலயே நிறுத்து," என்றார்.