பொறுப்பானவர் பெயர்

2004-இல் கஸ்தூரி திருவண்ணாமலைக்கு வந்தது, ஊருக்கு வெளியே இருந்த துணை மின்நிலையத்தைச் சோதிக்க. மின்சாரத்தைச் சென்னையில் உட்கார்ந்தபடியே கணினியில் நிறுத்தவும் விடவும் அங்கே புதிதாக வசதி செய்திருந்தார்கள். அதற்குள் வெளியாள் யாராவது நுழைய முடியுமா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

நுழைய அவளுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில், வெள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து, மின்நிலையத்தின் தொலைபேசி எண்ணுக்குக் கணினியிலிருந்து டயல் செய்தாள். கடவுச்சொல் கேட்டது. 'அருணாசலா' என்று அடித்தாள். திறந்துகொண்டது. ஆஸ்பத்திரி லைன், பஸ் ஸ்டாண்டு லைன் எல்லாம் திரையில் வரிசையாக நின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பயந்துபோய்த் துண்டித்தாள்.

மறுநாள் மின்நிலையத்தில் ஆபரேட்டர் சகாதேவன் அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர், இருபது வருட சர்வீஸ்.

"பாஸ்வேர்டு யாரு சார் வெச்சது?"

"நான்தான் மேடம். மெஷினோட வந்தது வெறும் ஒண்ணு ரெண்டு மூணு. மாத்தித் தாங்கன்னு சென்னை ஆபீசுக்கு மூணு தபா லெட்டர் போட்டேன், பதிலே வர்ல. சாமி பேரா இருக்கட்டும்னு நானே மாத்திட்டேன்."

தொலைபேசி இணைப்பை முதலில் எடுக்க வேண்டும் என்று கஸ்தூரி நான்கு பக்கம் எழுதினாள். கடைசியில் 'பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சகாதேவன் பெயரைப் போட்டாள். அவர் போட்டதாகச் சொன்ன கடிதங்களின் நகலைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று, அவற்றைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டாள். கேட்டிருந்தால் அவர் பீரோவைத் திறந்து காட்டியிருப்பார்.

இரண்டு மாதம் கழித்து மறுசோதனைக்கு வந்தபோது அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். சகாதேவனை ராமநாதபுரம் பக்கம் மாற்றியிருந்தார்கள். அவள் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினாள். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு இந்த வருசம் பன்னெண்டாவது மேடம். அதான் நான் மட்டும் போறேன்."

"லெட்டரைப் பத்தி நான் எழுதியிருக்கணும் சார்."

"ஒரு வரி எழுதியிருக்கலாம்." ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த போன் லைனைப் புடுங்கிட்டாங்களா?"

"இல்ல சார். பெரிய ஆபீசருங்களுக்கு அது வசதியா இருக்காம். பாஸ்வேர்டை மட்டும் மாத்தியிருக்காங்க."

 அவர் பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றிப் பூட்டினார்.

அந்த வாரமே, அவரிடம் வாங்கி வந்த கடித நகல்களை இணைத்துக் கஸ்தூரி மேலே எழுதினாள். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. சகாதேவன் நான்கு வருடம் கழித்து ராமநாதபுரத்திலேயே ஓய்வு பெற்றார்.