கீல் பக்கத்து வெளிச்சம்

கேமரா பழுது பார்க்கும் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பொய் சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுத்துவந்து, "பனி பட்டிருக்கும்" என்பார்கள். மாடிப்படியில் உருட்டிவிட்டு, "மேசைமேல சும்மாதான் இருந்துச்சு" என்பார்கள். ஒருத்தர் லென்சைக் கொண்டுவந்து, படத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுகிறது, செத்துப்போன மாமனார் வீட்டைச் சுற்றுகிறார் என்றார். உள்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். அதோடு சூரியனுக்கு நேரே பிடித்து எடுத்திருக்கிறார். "மாமனாரைத் துடைச்சு எடுத்துட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் அவருக்குக் கோபம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைவிட நெகடிவை வேகமாகப் படிப்பேன். ஆளை நம்பமாட்டேன், நெகடிவை நம்புவேன். பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் இதற்காகவே எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தான்.

அச்சகத்தில் வேலை செய்கிற ஒருவர் ஒரு மத்தியானம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் மை. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்திருந்தேன். கேமரா கொண்டுவரவில்லை. ஒரு காகித உறையிலிருந்து ஒரே ஒரு துண்டு நெகடிவை எடுத்து நீட்டினார். அதில் ஆறு படங்கள்.

"இது எதனால ஆச்சுன்னு பார்த்துச் சொல்ல முடியுமா ஐயா?"

டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை. நெகடிவில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும். முதல் படத்திலேயே முகம் புகையில் மறைந்திருந்தது, போகப்போகக் கனத்தது. ஆறாவதில் பிள்ளையின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கரி. கறை படத்துக்குள் மட்டும் இருந்தால் லென்ஸ் வழியாக வந்தது என்று அர்த்தம். இது பிலிமை இழுக்கிற ஓரத்துப் பல்துளைகளையும் தாண்டி ஓடியிருந்தது. அப்படியென்றால் பின்பக்கமாக வந்த வெளிச்சம், சுருண்டிருந்த பிலிம்மேல் விழுந்திருக்கிறது. வெளிச்சுற்றில் அதிகம், உட்சுற்றில் குறைவு.

"பின்மூடியைத் திறந்திருக்காங்க. உள்ள பிலிம் இருக்கும்போதே."

"நான் திறக்கல ஐயா."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க."

"நெஜமாத்தான். நான் திறக்கல."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்: "சரி, வீட்ல வேற யாரு இருக்கா?"

அவர் நெகடிவை உறையில் போட்டார். போடும்போது ஒரு முனையை மட்டும், பூவைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

முழுச் சுருளையும் கொண்டுவா, கேமராவையும் கொண்டுவா, இல்லாவிட்டால் வாயே திறக்கமாட்டேன் என்று எல்லாரையும் விரட்டுகிறவன் நான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டிய பிறகு மீதியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற திமிர்.

ஒரு மாதம் கழித்து ஓர் அம்மா வந்தார். கையில் துணிப்பை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"யாரோ திறந்திருக்காங்கன்னு அச்சகத்துக்காரர்கிட்ட சொன்னது நீங்கதானா?"

"ஆமா."

"நான் அவர் வீட்டம்மா. நான் திறக்கல."

"அப்படித்..." என்று ஆரம்பித்தேன்.

"முழுசாச் சொல்லிடுங்க. அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க, அதானே? அவரும் அதையேதான் சொல்றாரு. உங்க வார்த்தையாம்."

குரலை உயர்த்தவே இல்லை. கடிகாரக்காரன் அந்தப் பக்கம் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.

"அந்தப் படத்துல இருக்கிறது எங்க பொண்ணு. பதினோரு வயசு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. வந்த அன்னைக்கு எடுத்த படம் அது. பன்னெண்டு நாள்தான் இருந்தா. அதுக்கப்புறம் இவர் பிலிமைக் கழுவக் கொடுத்தாரு, இப்படி வந்துச்சு."

நான் ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"கல்யாணமான புதுசுல ஒருதடவை தெரியாம பின்மூடியைத் திறந்துட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே வீட்ல சிரிப்போம். பொண்ணுகூட, 'அம்மா வர்றா, கேமராவை ஒளிச்சு வைங்கப்பா'ன்னு கேலி பண்ணுவா. இப்ப அவர் அதையே பிடிச்சுக்கிட்டாரு. நீதான் திறந்தே, ஒத்துக்கோங்கிறாரு. ஒத்துக்கிட்டா மன்னிச்சுடுவாராம். ஒரு மாசமா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல."

"ஒத்துக்கிட்டாத்தான் என்ன?" என்றேன். என் வாய் அப்படி.

"செய்யாததை எப்படி ஒத்துக்கிறது? நாளைக்கு அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பொண்ணு முகத்தை அழிச்சவள்னுதானே பார்ப்பாரு?"

பையிலிருந்து கேமராவையும் ஒரு தடித்த உறையையும் எடுத்து மேசைமேல் வைத்தார். உறையில் அந்தச் சுருளின் மற்றத் துண்டுகள் ஐந்து இருந்தன.

ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் காட்டினேன். நாலாவது படத்தில், கீல் இருக்கிற பக்கமாக மெல்லிய கோடு. பதினொன்றாவதில் அதே இடத்தில் அதே கோடு, கொஞ்சம் தடிப்பாக. பத்தொன்பதில் மறுபடியும். நடுவில் உள்ள படங்கள் சுத்தம். பின்மூடியை ஒரு தடவை திறந்தால் ஒரு தடவைதான் கறுக்கும். இப்படி விட்டுவிட்டு, அதே இடத்தில் அளவெடுத்ததுபோலக் கோடு விழாது. கேமரா எங்கெங்கே வெளிச்சத்தில் சும்மா இருந்ததோ அங்கெல்லாம் ஒழுகியிருக்கிறது.

பின்மூடியைத் திறந்தேன். வெளிச்சம் புகாமலிருக்கக் கீலோரத்தில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சுப் பட்டை பசையாகி விரலில் ஒட்டியது. அதன் மேல்முனையில் தீக்குச்சித் தலை அளவுக்கு இடைவெளி. பட்டையைக் குறைவாக வெட்டி ஒட்டியிருக்கிறான் எவனோ. எந்தக் கழுதை செய்த வேலை இது என்று பார்க்க அடித்தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஊசியால் கீறிய ஒரு மீன்.

பழுது பார்த்த கேமராவுக்குள் அடையாளமாக நான் மீன்தான் போடுவேன். கையெழுத்துப் போட்டால் எனக்குக் கோணல்மாணலாக வரும், மீன் ஒழுங்காக வரும். பக்கத்தில் வருஷம். மூன்று வருஷத்துக்கு முந்தின வேலை. அந்த வருஷம் நல்ல பட்டை கிடைக்காமல், ஏதோ பெட்டிக்குள் வந்த ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தகட்டை அந்த அம்மாவின் கண்ணில் படாதபடி கவிழ்த்து வைத்தேன்.

"கடைசிப் படம் எடுத்த பிறகு கேமராவை எங்க வச்சிருந்தீங்க?"

"ஜன்னல் கட்டையில. அவ கட்டிலுக்குப் பக்கத்துல. கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும்பா, குணமானதும் நான் உன்னை எடுக்கிறேன்னு சொன்னா. அவர்தான் வச்சாரு."

"வெயில் வருமா அங்க?"

அவர் என்னையே பார்த்தார். "காலையில வரும்" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் தப்பை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிற வாய் என்னுடையது. என் தப்பு என்று வந்ததும் நாக்கு உள்ளே போய்விட்டது.

"என்னய்யா சிடுமூஞ்சி, அந்தம்மாவைத் திட்டவே இல்ல? காய்ச்சலா?" என்று கடிகாரக்காரன் எட்டிப் பார்த்தான். மீனைக் காட்டினேன். அவனுக்கும் சிரிப்பு நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"புதுப் பட்டை போட்டு அனுப்பிடு. உள்ள மீன் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. பழைய பட்டையைச் சுரண்ட ஊசியைக் கையில் எடுத்தும்விட்டேன். சுரண்டவில்லை.

மறுநாள் காலை மிச்சம் கிடந்த பிலிம் துண்டு ஒன்றை அந்தக் கேமராவில் போட்டு, கடை வாசலில் வெயிலில் இருபது நிமிஷம் வைத்தேன். உள்ளறையில் கழுவிக் காயப் போட்டேன். அதே கோடு, பல்துளை நிழலோடு. வெளிச்சுற்றில் அதிகம், உட்சுற்றில் குறைவு. அந்த அம்மா வரும்வரை காத்திருக்கவில்லை. உறையின்மேல் விலாசம் எழுதியிருந்தது. அன்றைக்கு அச்சகத்துக்கு விடுமுறை. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாடிக்கையாளர் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது மாடி. அவர்தான் கதவைத் திறந்தார். ஒரே பெரிய அறை, பின்னால் அடுப்படி. ஜன்னலோரம் சின்னக் கட்டில். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தார்கள். ஜன்னல் கட்டையில் வெயில் விழுந்திருந்தது.

உட்காராமலே சொன்னேன். "உங்க வீட்டம்மா திறக்கல. யாரும் திறக்கல. கேமரா ஒழுகியிருக்கு. மூணு வருஷம் முன்னால பட்டை ஒட்டினவன் சரியா ஒட்டல. அது நான்தான்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"அவ வந்து உங்ககிட்ட அழுதாளா?"

"அழல."

"அப்புறம் ஏன் பேச்சை மாத்துறீங்க? அன்னைக்கு அடிச்சுச் சொன்னீங்க. இப்ப இரக்கப்பட்டு வந்திருக்கீங்க."

"இரக்கமெல்லாம் எனக்குப் பழக்கமில்ல தம்பி. இதைப் பாருங்க."

அடித்தகட்டின் மீனைக் காட்டினேன். நாலாவது, பதினொன்றாவது, பத்தொன்பதாவது படங்களைக் காட்டினேன். மகளின் துண்டை அவரிடம் கேட்டு வாங்கி, அதையும் அந்தக் கேமராவில் போட்டு நான் கழுவிய துண்டையும் ஜன்னல் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். எதிலும் குறை கண்டுபிடிக்க முடியாமல் அவர் வெகுநேரம் பார்த்தார். அடுப்படி வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். கையில் ஈரம்.

"எவ்வளவு நேரம் வச்சீங்க?" என்றார் அச்சகத்துக்காரர்.

"இருபது நிமிஷம்."

"எங்க?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். சொல்லவேண்டாம் என்பதுபோல அவர் தலையை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தார். நேற்றே அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்தும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. ஒரு மாதமாகத் தன்மேல் விழுந்த பழியைத் திருப்பிக் கணவர்மேல் போட, 'நீங்கதானே ஜன்னல்ல வச்சீங்க' என்று ஒரு வார்த்தை கையில் இருந்தும் சொல்லவில்லை.

"கடைக்குள்ளதான். மேசைமேல" என்றேன்.

அச்சகத்துக்காரர் என் துண்டைப் பிடுங்கி இன்னொரு தடவை பார்த்தார். "நான் தினமும் அச்சுத் தகட்டுக்கு வெளிச்சம் காட்டுறவன். எந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு நேரம்னு என்கிட்டயே சொல்றீங்களா? டியூப்லைட்டுக்கு இருபது நிமிஷத்துல இவ்வளவு கறுக்காது. வெயில்ல வச்சிருக்கீங்க."

பொய் சொல்லிப் பழகாதவன் பொய் சொன்னால் இப்படித்தான் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான்.

அவர் கை தானாக ஜன்னல் கட்டைக்குப் போனது. வெயில் விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"பன்னெண்டு நாள்" என்றார்.

"பட்டை சரியில்லாததாலதானே உள்ள போச்சு. இவரே சொல்றாரு, இவர் வேலைன்னு. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் அந்த அம்மா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் சரியாகப் பேசிக்கொண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கவேண்டும். அச்சகத்துக்காரர் திரும்பவில்லை.

"தினமும் காலையில நான்தான் திரையை விலக்கிவிடுவேன். வெயில் படட்டும், அவளுக்கு நல்லதுன்னு."

கட்டிலில் உட்காரப் போனவர், உட்காராமல் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். விரிப்பு கலையக்கூடாது என்றுதான் போலிருக்கிறது.

"தப்பு என்மேல" என்றேன், அந்த அம்மாவிடம்.

"தெரியுது. நீங்க கிளம்புங்க."

"அந்தப் படம்..."

"மூஞ்சி வருமா?"

"வராது. கறுத்தது கறுத்ததுதான். அந்த ஆறுல முதல் படத்துல ஒரு பக்கத்துப் பின்னலும் கையும் தெரியும். அதை மட்டும் பெருசு பண்ணித் தரலாம்."

"இப்ப வேண்டாம்" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் வைத்தார். அவர் டம்ளரைப் பார்த்தார். எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் மாடித் திருப்பத்தில் நின்றேன். சண்டையோ அழுகையோ ஏதாவது காதில் விழும் என்று எதிர்பார்த்தேன். எதுவும் விழவில்லை. கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூடினார்கள்.

கடைக்கு வந்த பிறகுதான் கேமரா என் பையிலேயே இருப்பது தெரிந்தது. அவர்களும் கேட்டு வரவில்லை. பழைய பசையையெல்லாம் சுரண்டி எடுத்து, மூடி பொருந்துகிற பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூல் பதித்து, கீலோரத்துக்கு நல்ல பட்டையாக முனையிலிருந்து முனைவரை ஒட்டினேன். உள்ளே சின்ன பல்பை எரியவிட்டு மூடி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

மறுநாளும் பார்த்தேன். கடிகாரக்காரன் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. "இன்னும் வரலியா?" என்று மட்டும் கேட்கிறான். தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தத் துணிக்குள் தலையை நுழைக்கிறேன். ஒரு புள்ளிகூட இல்லை, முழு இருட்டு.