திங்கட்கிழமை நடுக்கம்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிப் பன்னிரண்டு படுக்கைகளோடு இருந்தது டாக்டர் சத்தியநாதனின் ஆஸ்பத்திரி. செல்லம்மா அங்கே தலைமை நர்ஸ். 1987 ஆவணியில் மூன்றாவது முறையாக அது நடந்தபோது அவளுடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சுப்பராயலு நன்றாகத்தான் இருந்தார். குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டில் ஆடும்படி உடம்பு தூக்கிப் போட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் பற்கள் தந்தியடித்தன. பிறகு நூற்று நாலு டிகிரி காய்ச்சல். முந்தின இரண்டு பேருக்கும் இதே கதைதான். மூன்றும் திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா சர்ச்சுக்குப் போய்விடுவாள். அன்று வார்டை ஆயா கன்னியம்மாதான் பார்த்துக்கொள்வாள். பம்மலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாய் கொஞ்சம் நீளம். ஒரு மாதத்துக்கு முன் இரண்டு ஸ்பிரிட் பாட்டில் காணாமல் போனபோதே செல்லம்மாவின் கண் அவள் மேல் விழுந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானமே, கருவிகளை நீராவியில் அவிக்கும், ஸ்பிரிட்டும் வைக்கும் அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். தன்னைத் திருடியாக நினைத்துப் பூட்டிய ஆத்திரத்தில் கன்னியம்மா குளுக்கோஸ் பாட்டிலில் எதையாவது கலக்கிறாளோ?

மிச்சமிருந்த குளுக்கோஸை டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு கிருமிகூட இல்லை என்று பதில் வந்தது. கிருமி இல்லையென்றால் விஷம்தானே? செல்லம்மா நேராகவே கேட்டுவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், நான் வெசம் வெக்கிறவளா?" கன்னியம்மா வார்டு நடுவிலேயே கேட்டாள். "எனுக்கும் புள்ளகுட்டி கீது."

சுப்பராயலுவின் மனைவி தையல்நாயகி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எல்லாருக்கும் முன்னால் கன்னியம்மாவை மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள் கன்னியம்மாவுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வந்தது. செல்லம்மா தன் கையால் புதுக் குளுக்கோஸ் பெட்டியைப் பிரித்தாள். தானே குழாயை மாட்டினாள், அன்றைக்கு டிரிப் ஏறிய நோயாளியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒருவரையும் கிட்டே விடவில்லை. நாற்பதாவது நிமிஷம் அந்த மனிதரின் நகங்கள் நீலம் பாரித்தன. உடம்பு வெடவெடக்கத் தொடங்கியது.

டாக்டர் ஓடிவந்து டிரிப்பை நிறுத்தினார். ஊசி போட்டு நடுக்கம் அடங்கிய பிறகு, ரப்பர் குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார். அதைத் தூக்கிப் போடும் வழக்கம் அங்கே இல்லை. கழுவி, அவித்து, மறுபடி மாட்டுவார்கள்.

"இது எப்ப கழுவினது, சிஸ்டர்?"

"காலையில அவிச்சேன், டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

"சனிக்கிழமையிலேர்ந்து தண்ணி பக்கெட்டுல..." மற்ற நாட்களில் குழாய்களை அன்றன்றே கழுவி அவித்துவிடுவார்கள். அறைக்குப் பூட்டுப் போட்ட நாளிலிருந்துதான் சனிக்கிழமைக் குழாய்கள் வெளியே பக்கெட்டிலேயே திங்கள்வரை ஊறிக் கிடந்தன.

"ரெண்டு நாள் தேங்கின தண்ணியில கிருமி கோடிக்கணக்குல பெருகும்," என்றார் டாக்டர். "அவிச்சா செத்துடும், சரி. ஆனா அதோட மேல்தோல்ல ஒரு கொழுப்பு இருக்கு, அது அந்தச் சூட்டுக்கும் அசையாது. குழாய்லயே ஒட்டிக்கிட்டு ரத்தத்துக்குள்ள போயிடும். நம்ம வெள்ளை அணுவோட மேல அது பட்டா போதும், கிருமிப் படையே வந்துடுச்சுன்னு அந்த அணு உடம்பு முழுக்க எச்சரிக்கை அனுப்பிடும். அந்தக் கலவரம்தான் இந்த நடுக்கம். யாரும் எதையும் கலக்கலை, சிஸ்டர்."

அன்று சாயங்காலமே செல்லம்மா பம்மலுக்குப் பஸ் ஏறினாள். கன்னியம்மா ஒரு தோல் பட்டறையில் செருப்பு வார் ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை நாற்றத்துக்கு நடுவே நின்று செல்லம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

கன்னியம்மா கையிலிருந்த வாரைக் கீழே வைக்கவில்லை. "அந்தப் பக்கெட்டு தண்ணி கொழகொழன்னு கீது, ரூம தொறந்து வுடு சிஸ்டர், நானே கழுவி அவிச்சுடறேன்னு ரெண்டு தபா சொன்னேன். திருடத்தான் தொறக்கச் சொல்றேன்னு நெனச்சுகினே."

சொன்னாள்தான். செல்லம்மாவுக்கு இப்போது நினைவு வந்தது. "தப்பு என்னோடதுதான் கன்னியம்மா. திரும்பி வா."

"வர்றது கெடக்கட்டும். பஸ் ஸ்டாப்புல என் மானத்த வாங்கினா பாரு, அவகிட்ட வந்து சொல்லு."

மறுநாள் இருவரும் சேர்ந்து சுப்பராயலுவின் வீட்டுக்குப் போனார்கள். செல்லம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள். பூட்டு, பக்கெட்டு எதையும் மறைக்கவில்லை. தையல்நாயகி முகம் மாறாமல் கேட்டாள். கன்னியம்மாவின் பக்கம் திரும்பி, "மனசுல வெச்சுக்காதம்மா," என்றாள். பிறகு செல்லம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப என் வூட்டுக்காரர சாகக் கெடத்துனது நீதானா?"

டாக்டர் சொன்ன விளக்கமெல்லாம் செல்லம்மாவின் நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள்.

கதவு படாரென்று சாத்தப்பட்டது. இருவரும் ரோட்டுக்கு வந்தார்கள். பம்மல் பஸ் வந்து நின்றதும் கன்னியம்மா ஏறினாள். படியில் நின்று, "பட்டறைல சொல்லிட்டு வியாழக்கெழம வரேன்," என்று மட்டும் சொன்னாள்.