குனிந்தால் ஓடும்

செக்வே என்பது இரண்டு சில்லும் ஒரு கைப்பிடியும் உள்ள மின்சாரப் பலகை. ஏறி நின்று முன்னுக்குச் சாய்ந்தால் ஓடும், பின்னுக்குச் சாய்ந்தால் நிற்கும். பிரேக் கிடையாது.

"உங்கட உடம்புதான் பிரேக், பெனடிக்ற் அண்ணை" என்றாள் றோசமலர். என் உடம்பை நம்பி வீட்டில் என் மனிசி ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூடத் தருவதில்லை.

றோசமலர் ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்தவள். உல்லாசப் பயணிகளுக்கு செக்வேயில் ஊர் காட்டுகிற எங்கள் கொம்பனியின் வழிகாட்டி. நான் வண்டி துடைத்து சார்ஜ் போடுகிறவன். அன்றைக்கு எனக்குச் சோதனை: ஆறு பயணிகளுக்குப் பின்னால், ஒருவரும் தவறிப்போகாமல், வரிசையின் வாலாக ஓட வேண்டும். சரிவந்தால் திங்கட்கிழமை வேலை ஒப்பந்தம். அதைக் காட்டி பெர்மெசோவை, இங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிக்கலாம். சரிவராவிட்டால் சீசனோடு துடைப்பும் முடிந்தது. முதலாளி சிஞ்ஞோரா தன் வண்டியில் எனக்குப் பக்கத்திலேயே வந்தார்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே சிக்கல் விளங்கிவிட்டது. நாங்கள் மன்னார் வேதக்காரர், கத்தோலிக்கர். கோயிலைக் கண்டால் கை தானாக நெற்றிக்குப் போகும், தலை தானாகக் குனியும். பலெர்மோவிலோ திரும்பின பக்கமெல்லாம் கோயில். முதல் கோயிலுக்குக் குனிந்தேன். வண்டி பாய்ந்து ஒரு ஜெர்மன்காரரின் சில்லில் இடித்தது. முதல் பிழை என்று சிஞ்ஞோரா ஒரு விரலை உயர்த்தினார்.

"அண்ணை, இண்டைக்கு மட்டும் சைவக்காரரா இருங்கோவன்!" முன்னாலிருந்து றோசமலர் கத்தினாள்.

"அவையும் கும்பிடுவினம், பிள்ளை!"

அடுத்த மூன்று கோயில்களையும் கழுத்துச் சுளுக்கினவன் மாதிரி, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி கடந்தேன்.

பிறகு வீதி திறந்தது. கதீட்ரல்.

ஒன்பது வருசமாக இந்த ஊரில் இருக்கிறேன். இதற்குப் பின்வீதியில் ஒரு கிழவருக்கு இரண்டு வருசம் சமைத்துப் போட்டேன். தினமும் இவ்வழியால்தான் ஓட்டம், கண் நிலத்திலும் மணிக்கூட்டிலும். இன்றைக்குப் பின்னேர வெய்யிலில் முழுக் கட்டிடமும் தேன் பூசினதுபோல நின்றது. பல்லுப் பல்லாய் மதில் விளிம்பு, கூர்க் கோபுரங்கள், கல்லில் பின்னின கொடிகள். இதைச் செதுக்கி முடிக்க எத்தனை தலைமுறை பிறந்து செத்திருக்கும்!

குனிந்துவிட்டேன்.

வண்டி வரிசையைத் தாண்டி, றோசமலரைத் தாண்டி, வாசலில் படத்துக்கு நின்ற மணப்பெண்ணின் நீள வெள்ளை உடுப்பை நோக்கிப் பறந்தது.

"பின்னுக்கு! பின்னுக்குச் சாயுங்கோ!"

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கண் மட்டும் கோபுரத்தைப் பிடித்து மேலே மேலே போனது. அண்ணாந்தேன். கழுத்து பின்னுக்குப் போனது, தோள் போனது, வயிறும் கூடப் போனது. உடுப்புக்கு ஒரு சாண் இருக்க வண்டி நின்றது. நான் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டவென்று வந்த சிஞ்ஞோரா, "என்ன பார்க்கிறாய்?" என்றார்.

"ஒன்பது வருசமும் இது இஞ்சைதான் நிண்டதோ, சிஞ்ஞோரா?" எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டேன்.

இந்த ஊரிலேயே பிறந்த மனிசி. அவரும் அண்ணாந்தார். பயணிகள் ஆறு பேரும் அண்ணாந்தார்கள்.

பிறகு சிஞ்ஞோரா வேகமாக ஏதோ சொன்னார். றோசமலர் சிரித்தாள்.

"திங்கட்கிழமை கையெழுத்தாம் அண்ணை. ஆனா உங்களுக்கு மொண்டெல்லோ கடற்கரைப் பாதையாம். அங்கை கோயில் குறைவாம். சம்மதமோ?"

ஓம் என்று தலையாட்டப் போனேன். இரண்டு பேரும் பாய்ந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.